வாசகர் கேள்வி பதில்: ராடாரை விழுங்கும் கரித்தூள்

கேள்வி: என் அண்ணன் பல்கலைக்கழகத்தில் ஏதோ நனோ (கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய தூள்) கலப்புப் பொருள் செய்கிறாராம், அது ராடார் அலையை உறிஞ்சிவிடுமாம். காரீயத் தூளை (பென்சில் கரியான கிராஃபைட்டை) பெயின்டில் கலந்து பூசினால் விமானம் மறைந்துவிடுமா? நம் நாட்டில்தான் நல்ல காரீயம் இருக்கிறதே, பிறகென்ன கஷ்டம்?
(உயர்தர மாணவி, தலவாக்கலை)

பதில்: தங்கச்சி, காரீயத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கேகாலை மாவட்டத்து போகலவிலும் குருநாகல் பக்கத்து கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளுக்குள் நரம்பு மாதிரி ஓடும் காரீயம், தோண்டி எடுக்கும்போதே 95 வீதத்துக்கு மேல் சுத்தமாகக் கிடைப்பது உண்டு. ஹோமாகமவில் இருக்கும் நனோ தொழில்நுட்ப நிறுவனம் அதிலிருந்து கிராஃபீன் (ஓர் அணு தடிப்புள்ள கரித் தாள்) எடுக்கும் வேலையைச் செய்திருக்கிறது. கஷ்டம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

உங்கள் தோட்டத்துக்கு எதிரே மொட்டைப் பாறை இருந்தால் அதைப் பார்த்து ஒரு கூ போட்டுப் பாருங்கள், அப்படியே திரும்பி வரும். அதே கூவை டர்பன்டைன் காட்டுப் பக்கம் போட்டால் வராது. காடு சத்தத்தை முதலில் உள்ளே விடுகிறது, விட்டபிறகு இலையிலும் கிளையிலும் முட்டி மோத வைத்துக் களைப்பாக்கிவிடுகிறது. ராடார் அலையை விழுங்கும் பொருளுக்கும் இந்த இரண்டும் வேண்டும், அதுவும் இதே வரிசையில். அலையை உள்ளே விடாத பொருளுக்குள் எவ்வளவு கரி இருந்தும் என்ன, வாசலிலேயே அலை திரும்பிப் போய்விட்டதே.

கரியை அள்ளிப் போட்டால் நல்லதுதானே என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கார்பன் நனோகுழாய் (கரித் தாளைச் சுருட்டியது மாதிரியான மிக நுண்ணிய குழாய்) என்றால் எபொக்சிப் பிசினில் நிறையில் 1 வீதம்கூட வேண்டாம், குழாய்கள் ஒன்றையொன்று தொட்டு வலை மாதிரி கோத்துக்கொண்டு மின்சாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதற்கு மேலும் கொட்டிக்கொண்டே போனால் நீங்கள் செய்தது உறிஞ்சி இல்லை, கறுப்பு நிறத்தில் ஒரு தகரம். காற்றிலே வரும் அலைக்கு 377 ஓம் என்றொரு மின்மறுப்பு, அதாவது அலையின் மின்பக்கத்துக்கும் காந்தப்பக்கத்துக்கும் உள்ள விகிதம், இருக்கிறது. பூச்சின் முகப்பும் அதற்குக் கிட்ட இருந்தால்தான் அலை தயங்காமல் நுழையும். கரி மின்பக்கத்தை மட்டும் தூக்கிவிடுவதால் இந்தக் கணக்கு கெட்டுப்போகிறது. அதனால்தான் மக்னடைட், காபனைல் இரும்பு போன்ற காந்தத் தூளையும் சேர்க்கிறார்கள். தராசின் மறுதட்டில் கல் வைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரும்பு கனம், விமானத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு.

தடிப்பும் முக்கியம். ராடார்கள் பயன்படுத்தும் 10 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3 சென்டிமீட்டர். 1952-இல் சாலிஸ்பரி என்பவருக்குக் காப்புரிமை கிடைத்த பழைய முறையில், உலோகத்துக்கு முன்னால் அலைநீளத்தில் கால்வாசி தள்ளி, அதாவது 7.5 மில்லிமீட்டரில், மின்சாரத்தை ஓரளவே கடத்தும் ஒரு தடைத்தாளை வைப்பார்கள். தாளில் பட்டுத் திரும்புவதும் உலோகத்தில் பட்டுத் திரும்புவதும் எதிரெதிராகி அழிந்துவிடும், சக்தி தாளில் சூடாகப் போய்விடும். அழகான யோசனைதான், ஆனால் அந்த அதிர்வெண்ணையும் அதன் அக்கம்பக்கத்தையும் தாண்டினால் வேலை செய்யாது. நடுவில் காற்றுக்குப் பதிலாக மின்கடவுமாறிலி (இதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு அலை சுருங்கும்) 9 உள்ள பொருள் இருந்தால் உள்ளே அலை மூன்றில் ஒன்றாகச் சுருங்கும், கால்வாசி என்பது 2.5 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். மெல்லியதாக, இலேசாக, பரந்த அதிர்வெண்ணுக்கு: மூன்றும் ஒன்றாகக் கேட்கும்போதுதான் ஆய்வாளர்கள் நனோவிடம் போகிறார்கள்.

ஏன் நனோ? இந்த அதிர்வெண்ணில் அலை செம்புக்குள் ஒரு மைக்ரோமீட்டர்கூடப் போகாது, 0.66 மைக்ரோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். உலோகத்துகள் அதைவிடப் பெரிதாக இருந்தால் அதன் வயிறு சும்மா கிடக்கும், தோல் மட்டும்தான் வேலை செய்யும். இன்னொன்று மேற்பரப்பு. ஒரு கிராம் கிராஃபீனைத் தாள் தாளாக முழுக்கப் பிரித்தால் கணக்குப்படி 2630 சதுர மீட்டர் வரும். நம் ஊர் அளவில் 104 பேர்ச்சஸ், தோட்டத்தில் வீடு கட்டத் தரும் 7 பேர்ச்சஸ் துண்டுகளில் கிட்டத்தட்ட 15!

முழுக்கப் பிரித்தால் என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் உங்கள் அண்ணனுக்குத் தலைவலி. தேத்தண்ணிக்குப் பால்மா கரைத்திருப்பீர்கள். கொதிநீரை மொத்தமாக ஊற்றினால் மா கட்டி கட்டியாகத் திரண்டு, வெளியே ஈரமும் உள்ளே உலர்ந்த மாவுமாக மிதக்கும். நனோத் தூளும் பிசினில் அப்படித்தான், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடவே விடாது. கேளா ஒலியால் அதிரவைத்துப் பிரிப்பார்கள். கொஞ்சம் கூடிப்போனால் நனோகுழாய் துண்டு துண்டாக முறிந்துவிடும். பிசின் இறுகுமுன் வெற்றிடத்தில் வைத்துக் குமிழை இழுக்கவும் வேண்டும்.

நான் ஒரு காலத்தில் இந்த மாதிரித் துண்டுகளை அரம் வைத்துத் தேய்த்திருக்கிறேன். உறிஞ்சுவதை அளக்க, ராடார் அலையைக் கொண்டுபோகும் 22.86-க்கு 10.16 மில்லிமீட்டர் அளவுள்ள அலைவழிகாட்டி உலோகக் குழாய்க்குள் துண்டு இறுக்கமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் தலைமுடி அளவு இடைவெளி விட்டுவிட்டேன், அளவீடு எங்கேயோ போய்விட்டது. இரண்டு நாள் பொருளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், தப்பு என் அரத்தில்.

விமானம் மறையுமா என்று கேட்டீர்கள். ஆய்வுக் கட்டுரைகளில் மைனஸ் 10 டெசிபெல் என்று பெருமையாகப் போடுவார்கள், அலையில் 90 வீதம் திரும்பவில்லை என்று அர்த்தம். ஆனால் ராடார் பிடிக்கும் தூரம் எதிரொலிப்பின் நான்காம் மூலத்தோடு போகிறது. ஆகவே 100 கிலோமீட்டரில் தெரிந்த விமானம் 56 கிலோமீட்டரில் தெரியும். 99 வீதம் விழுங்கினாலும் 32 கிலோமீட்டர். மறையாது, தாமதமாகத் தெரியும். ராடாருக்குத் தெரியாமல் பறக்கவென்று அமெரிக்கா செய்த எஃப்-117 விமானம் அந்தக் கோணல்மாணல் உருவத்தில் இருப்பதும் இதனால்தான், பெரும்பங்கு வேலையை உருவம் செய்யும், மிச்சத்தைப் பூச்சு பார்த்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும், காரீயத்தைக் கிராஃபீன் ஒக்சைட் ஆக்கக் கடும் சல்பூரிக் அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேற்றும் சேர்ப்பார்கள், சூடு ஏறினால் வெடிக்கும். வீட்டுக் குசினியில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: இந்தப் பூச்சை என் வான் வண்டிக்கு அடித்தால் பொலிஸ்காரரின் வேகமானியில் மாட்டாமல் இருக்கலாமா?
(வான் சாரதி, ஹட்டன்)

பதில்: அண்ணே, இலக்கத்தகட்டையும் ஹெட்லைட்டையும் எதால் மூடுவீர்கள்? அலை அதிலிருந்து திரும்பினாலே போதும். கருவி லேசர் வகையாக இருந்தால் அது அகச்சிவப்பு ஒளி, மில்லிமீட்டர் கணக்கில் நாம் இழைத்த பூச்சை அது கண்டுகொள்ளவே கொள்ளாது.

கேள்வி: எங்கள் ஊர் மூடுபனியில் பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரிவதில்லை. பனி ராடாரையும் விழுங்குமா?
(நானுஓயா வாசகர்)

பதில்: விழுங்காது. மூடுபனித் துளி சுமார் 10 மைக்ரோமீட்டர், 3 சென்டிமீட்டர் அலை அதைவிட 3000 மடங்கு நீளம், அப்படியொரு துளி இருப்பதே அதற்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலை துளியைவிடச் சிறியது, அதனால்தான் நாம் மட்டும் தடவிக்கொண்டு நடக்கிறோம். மழை கொட்டினால் கதை வேறு, துளி மில்லிமீட்டர் கணக்குக்கு வந்துவிடும், ராடார் பார்க்க ஆரம்பித்துவிடும். வானிலை ராடார் பிழைப்பு நடத்துவதே அந்தத் துளியை நம்பித்தான்.