பதில்: 9 வயசுப் பையன் காமெடி ஃபேரி டேல் நாவலை 3 சாப்டர்ல மூடி வச்சிட்டான்

"எல்லாரும் சிரிக்கிற புக்னு வாங்கிக் குடுத்தேன், இவன் ஒரு தடவை கூட சிரிக்கலை"ன்னு கேட்டிருந்தீங்கல்ல, ஒரு விஷயம் பாருங்க, அவனுக்கு சிண்ட்ரெல்லா, தூங்கும் அழகி, தவளை இளவரசன் மாதிரி ஒரிஜினல் கதைங்க தெரியுமா? இந்த வகை நாவல்ல பாதி ஜோக்கே அந்தக் கதைகளோட ரூல்ஸை கவுத்துப் போடுறதுதான், ரூல்ஸே தெரியாதவனுக்கு எங்கருந்து சிரிப்பு வரும். நீங்க குடுத்த 'ஹௌல்ஸ் மூவிங் கேசில்'லயே (1986) பாருங்க, சோஃபி மூணு பொண்ணுங்கள்ல மூத்தவ, தேவதைக் கதையில மூத்தது எப்பவும் சொதப்பும் கடைக்குட்டிதான் ஜெயிக்கும்னு நம்பிட்டு சும்மா தொப்பி தைச்சிட்டிருப்பா. செம காமெடி, ஆனா பழைய கதை பத்து படிச்சவனுக்குத்தான் அது புரியும். ஆரம்பமும் கொஞ்சம் மெதுவா போகும், ரெண்டு வருஷம் கழிச்சு குடுங்க.

இப்போதைக்கு ராத்திரி ஒண்ணுன்னு பழைய கதைங்களை வாயாலயே சொல்லிடுங்க, அப்புறம் 'டீலிங் வித் டிராகன்ஸ்' (1990) ட்ரை பண்ணுங்க. அதுல சிமோரீன்னு ஒரு இளவரசி கல்யாணத்துக்கு டிமிக்கி குடுத்துட்டு தானா போய் ஒரு டிராகன்கிட்ட சமையல் வேலைக்கு சேந்துடுவா, காப்பாத்த வர்ற வீரனுங்களை "வேலை இருக்கு, கெளம்புங்க"ங்கிற ரேஞ்சுல துரத்துவா. 4 புக் சீரிஸ், கதைப்படி இதுதான் முதல் பாகம், ஆனா முதல்ல வெளிவந்தது கதைப்படி கடைசி பாகம், அதனால வெளிவந்த வருஷத்தைப் பாத்து வாங்கிடாதீங்க. முதல் சாப்டரை நீங்களே குரல் மாத்தி படிச்சுக் காட்டுங்க.