நல்ல பழக்கம் எதைத் தொடங்கினாலும் இரண்டே வாரத்தில் நின்றுவிடுகிறதே, என்ன செய்வது?

காலை நடை, சர்க்கரைக் குறைப்பு, இரவில் சோற்றைத் தவிர்ப்பது என மூன்றையும் சேர்த்துத் தொடங்கியதாகவும், மூன்றுமே நின்றுபோனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எடுத்த எடுப்பிலேயே இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொண்டால், வேலை முடிந்து தாமதமாக வீடு திரும்பும் ஒரு நாளோ ஊரிலிருந்து உறவினர் வந்திறங்கும் ஒரு நாளோ போதும், எல்லாம் ஒன்றாகக் கலைந்துவிடும். மிக மோசமான நாளிலும் செய்துவிடக்கூடிய அளவில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்ததும் மருத்துவர் நடக்கச் சொன்னார். தினமும் காலையில் ஆவின் பூத்துக்குப் பால் வாங்கப் போகிறவர் என்பதால், நடைக்கென்று தனி நேரம் குறிக்காமல், திரும்பும்போது பக்கத்துத் தெருவைச் சுற்றிக்கொண்டு வரச் சொன்னோம். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பால் வாங்குவது எப்படியும் நடந்தே தீரும் வேலையாதலால் நடையும் அதோடு ஒட்டிக்கொண்டது. பிறகு அவராகவே இன்னொரு தெருவைச் சேர்த்தார். இப்போது பால் பாக்கெட்டுகளை வீட்டில் வைத்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடியும் கிளம்பி அரை மணி நேரம் நடக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் அப்படி நடந்தாலே, உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லும் 150 நிமிடம் நிறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கும் நாட்களில் கூடத்திலேயே பத்து நிமிடம் நடப்பார். அந்தப் பத்து நிமிடத்தை அற்பமாக நினைக்காதீர்கள், மழைக்காலத்தில் பழக்கம் அறுந்துபோகாமல் காப்பது அதுதான்.

சர்க்கரையையும் அப்படித்தான் குறைக்க வேண்டும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம். காபிக்கு இரண்டு கரண்டி வீதம் மூன்று வேளைக்கு 24 கிராம் ஆகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறபோது, காபியிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனாலும் அம்மா அதை ஒரேயடியாக விடவில்லை. குவித்துப் போட்டதை முதலில் தலைதட்டிப் போட்டார். நாக்கு பழகியபின் கால் கரண்டி, அப்புறம் இன்னொரு கால் கரண்டி என்று குறைத்தார்.

இருபத்தொரு நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில், சுமார் 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இதுவே முக்கியமான செய்தி என்பேன்.

இரவுச் சோற்றை, நடை நிலைத்தபின் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் அடியோடு நிறுத்தாமல், ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கூட்டோ பொரியலோ வைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், அந்த ஒரு கரண்டியைக் குறைப்பதற்கு முன்பும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.