எஸ்போவிலிருந்து ஓர் அம்மா: மகன் ஐஸ் ஹாக்கிதான் என்கிறான், விடலாமா?

பின்லாந்தின் எஸ்போவிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பையன் விளையாட்டு லூகியோவுக்குத்தான் (ஒன்பதாவதுக்குப் பிறகான மேல்நிலைப் பள்ளி) விண்ணப்பிப்பேன் என்கிறானே, விடலாமா என்பது ஒன்று. ஃபார்வர்டாக, அதாவது தாக்குதல் ஆட்டக்காரனாக, ஹாக்கி ஆடிப் பிழைக்க முடியுமா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் வீட்டில் இவ்வளவு சண்டை.

முதலாவதற்குப் பதில் சுலபம். தாராளமாக விடுங்கள். பையன் படிப்பை மூட்டை கட்டிவிடுவான் என்று உங்கள் கணவர் பயப்படுகிறார். ஹெல்சிங்கியின் மேக்கெலன்ரின்னே போன்ற விளையாட்டு லூகியோவிலும் முடிவில் எழுதுவது எல்லோரும் எழுதும் அதே யோ தேர்வுதான் (மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு). காலைப் பயிற்சிக்கு நேர அட்டவணையிலேயே இடம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று வருடப் படிப்பை நான்கு வருடமாக நீட்டிக்கொள்ளலாம். யோ தேர்வையும் அடுத்தடுத்த மூன்று பருவங்களில் பிரித்து எழுதலாம். சேர்க்கையில் விளையாட்டுப் புள்ளியோடு பள்ளி மதிப்பெண்ணும் சேர்வதால், இப்போதைக்கு ஹாக்கியே அவனைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கும். நீங்கள் கத்த வேண்டியதில்லை.

இரண்டாவதுதான் கொஞ்சம் பேச வேண்டியது.

பின்லாந்தில் யாரைக் கேட்டாலும் தேமு செலன்னேயைச் சொல்வார்கள். வட அமெரிக்காவின் பெரிய லீகான என்ஹெச்எல்லில் 1992-93இல், முதல் சீசனிலேயே 76 கோல். புதுமுக வீரர் ஒருவர் அதை இன்றுவரை தொட்டதில்லை. அப்படி ஒருவரை வைத்து உங்கள் பையனின் வருமானத்தைக் கணக்குப் போடாதீர்கள். (அவரே இளமையில் மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவர் என்பதை வேண்டுமானால் கணவரிடம் சொல்லுங்கள்.)

நான் சொல்வது மார்க்கோ அன்த்திலாவின் கதையை. தம்பெரேவுக்குப் பக்கத்து லெம்பாலாக்காரர், 2 மீட்டருக்கு மேல் உயரம். ரசிகர்கள் வைத்த பெயர் ‘மொர்கோ’. நம் ஊர்ப் பூச்சாண்டிதான். 2004 என்ஹெச்எல் டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) சிகாகோ அணி அவரை 260ஆவது ஆளாக எடுத்தது. அந்த லீகில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சரி, கதை முடிந்தது என்றுதானே தோன்றும்? 2019இல் பிராட்டிஸ்லாவாவில் உலக சாம்பியன் பட்டத்தை வென்ற பின்லாந்து அணிக்கு அவர்தான் கேப்டன். ரஷ்யாவுக்கு எதிரான அரையிறுதியின் ஒரே கோல் அவருடையது. இறுதியில் கனடாவுக்கு எதிராக விழுந்த மூன்றில் இரண்டும் அவருடையவை. அப்போது வயது 33. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கமும் அவர் கையில் இருக்கிறது.

அதே 2019 இலையுதிர்காலத்தில் யெஸ்ஸே புல்யுயார்வி ஊர் திரும்பினார். 2016இல் நான்காவது ஆளாக எட்மண்டன் எடுத்த பையன். ஒரு சீசன் ஔலுவின் கார்ப்பெத் அணிக்கு ஆடிவிட்டு மறுபடி அமெரிக்கக் கண்டம் போனார். 2023இல் இரண்டு இடுப்பு மூட்டிலும் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் திரும்பி வந்து ஆடினார், அது வேறு விஷயம். டிராஃப்டில் எத்தனையாவது என்பது வெறும் வரிசை எண், வேலை உத்தரவு இல்லை.

உள்ளூர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். பின்லாந்தின் முதல்நிலை லீகான லீகாவில் சுமார் 16 அணிகள், ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு மூன்று மூன்று பேராக நான்கு வரிசை. ஃபார்வர்டுக்குச் சுமார் இருநூறு நாற்காலிகள், அதிலும் சில வெளிநாட்டவர்களுக்கு. கீழே இரண்டாம் நிலை லீகான மெஸ்டிஸ் இருக்கிறது. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது சிரமம். மேலே ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். கிளப்பும் நிரந்தரம் இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஹெல்சிங்கியின் யோகெரித் கிளப் ரஷ்யாவின் கேஹெச்எல் லீகை விட்டு விலகியது. வீரர்களின் சீசன் பாதியில் நின்றது.

அந்த நாற்காலிகளில் கோல் அடிப்பதற்காக உட்கார்ந்திருப்பவர்கள் பாதிதான். மூன்றாம், நான்காம் வரிசைக்காரர்களுக்கு வேறு வேலை: தண்டனையால் அணியில் ஓர் ஆள் குறையும்போது தடுப்பது, பக் எனும் ரப்பர் வட்டின் முன் உடம்பைப் போடுவது, மூலையில் முட்டி மோதிப் பக்கை எடுப்பது. பையன் கோல் கணக்கை மட்டும் உங்களிடம் சொல்கிறான் என்றால், அந்த இடத்தில்தான் எனக்குக் கவலை.

இன்னொன்று. நீங்கள் பின்லாந்துக் குடியுரிமை வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 18 வயதில் ராணுவ அழைப்பும் வரும், குறைந்தது 165 நாள். சாந்தஹமினாவில் ராணுவத்தின் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது, பயிற்சியை விடாமல் சேவையை முடிக்கலாம். ஆனால் அங்கே சேரவும் தேர்வு உண்டு.

மேல்நிலைப் படிப்புகளுக்கான கூட்டு விண்ணப்பம் பிப்ரவரியில் தொடங்கும். அதற்கு முன் பயிற்சியாளரைத் தனியாகப் பார்த்து, “இவனை எந்த வரிசையில், எந்த வேலைக்கு நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். “நல்ல பையன்” என்று மழுப்பினால் விடாதீர்கள், மறுபடி கேளுங்கள். அப்புறம், அணிக்குப் பணம் சேர்க்க டாய்லெட் பேப்பர் மூட்டை விற்கும் தல்கூத் (எல்லோரும் சேர்ந்து செய்யும் தன்னார்வ வேலை) நாளில் உங்கள் கணவரை அனுப்புங்கள். மூத்த மகன் 20 வயதுப் பிரிவு வரை போய் நின்றுவிட்ட அப்பா யாராவது பக்கத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார். நான் எழுத முடியாத கணக்கெல்லாம் அவர் சொல்வார்.