மார்ச் மாத முழங்கால் வலி: என்.பி.ஏ. 'டேங்கிங்' கேள்வி பதில்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் மார்ச் பிறந்தால் போதும், அட்டவணையின் அடியில் கிடக்கும் அணிகளுக்கு மட்டும் முழங்கால் வலிக்கும், முதுகு பிடிக்கும், கணுக்கால் பிசகும். தோற்பதற்காகவே நல்ல ஆட்டக்காரர்களை உட்காரவைக்கும் இந்த வித்தைக்கு 'டேங்கிங்' என்று பெயர். இதைப் பற்றி யார் என்ன கேட்டாலும் சொல்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. இரண்டு விஷயம் முதலிலேயே. பெட்டிங், ஃபேன்டசி டிப்ஸ் கிடையாது. அப்புறம், தோற்கத் திட்டம் போடுவது அணி அலுவலகம், களத்தில் நிற்பவன் இல்லை. இந்த இரண்டையும் குழப்பாதீர்கள்.

புதியவன்: தோற்றால் என்ன லாபம்? எனக்கு அடிப்படையே புரியவில்லை.

புதிதாக வரும் இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். மோசமான அணிக்கு முன்வரிசை. கிரிக்கெட்டில் ஒருவர் பதினொன்றில் ஒரு பங்கு. இங்கே களத்தில் ஐந்தே பேர். டிம் டங்கன் மாதிரி ஒரே ஒரு ஜாம்பவான் கிடைத்தால் இருபது ஆண்டு சோறு. மொத்தம் 30 அணிகள். அதில் பிளேஆஃப் போகாத 14 அணிகளுக்கு லாட்டரி வைத்து முதல் நான்கு இடங்களை முடிவு செய்கிறார்கள். மீதி இடங்கள், யார் அதிகம் தோற்றாரோ அவருக்கு முதலில் என்ற கணக்கில் போகும். 82 ஆட்டத்தில் 60 ஏற்கெனவே போய்விட்ட அணிக்கு, மிச்சத்தில் ஜெயித்து என்ன கிடைக்கப்போகிறது?

பழைய விசிறி: இதை ஆரம்பித்துவைத்த புண்ணியவான் யார்?

'முதல்' என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் லாட்டரி பிறக்கக் காரணமாகச் சொல்லப்படுவது 1984ஆம் ஆண்டின் ஹியூஸ்டன் ராக்கெட்ஸ். அப்போது லாட்டரி இல்லை. இரண்டு பிரிவுகளிலும் கடைசியாக வந்த அணிகளுக்கு நடுவே நாணயம் சுண்டிப் போடுவார்கள். முந்தைய ஆண்டு அப்படித்தான் ஹியூஸ்டனுக்கு ரால்ஃப் சாம்ப்சன் கிடைத்தார். ருசி கண்ட பூனை! கடைசி 17 ஆட்டத்தில் 14ஐத் தோற்றது. சீசன் முடியும் தறுவாயில், ஓய்வு பெறும் வயதில் இருந்த 38 வயது எல்வின் ஹேயஸை, ஓவர்டைம் வரை போன ஓர் ஆட்டத்தில் 53 நிமிடமும் ஆடவிட்டார்கள். சின்னப் பையன்களை உட்காரவைத்துத் தாத்தாவை ஓடவிட்டால் என்ன அர்த்தம்? நாணயமும் அவர்கள் பக்கமே விழுந்தது. ஹக்கீம் ஒலாஜுவான் வந்தார். 1994, 1995 இரண்டு ஆண்டும் கோப்பை.

அடுத்த ஆண்டே, 1985இல், லாட்டரி வந்துவிட்டது. முதல் பரிசு பேட்ரிக் யூவிங், நியூயார்க்குக்குப் போனார். லாட்டரியில் நியூயார்க் பெயர் இருந்த உறையை முன்கூட்டியே குளிர்பெட்டியில் வைத்தார்கள் என்ற கதையைக் கேட்க நினைப்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

ஃபிசியோ: நான் ஃபிசியோதெரபிஸ்ட். 'சந்தேகக் காயம்' என்று எல்லோரும் சிரிக்கிறீர்கள். 60 ஆட்டம் ஆடிய எந்த முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் ஏதாவது இருக்கும். வலி பொய் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி, இன்றைக்கு இதுதான் எனக்குப் பிடித்தது. வலி பொய் என்று நான் சொல்லவே இல்லை. அந்த வலிக்கு எத்தனை நாள் லீவு என்பதுதான் பொய்.

ஒரு காலத்தில் அப்பட்டமாகவே புளுகினார்கள். 2005 வரை 'இஞ்சுர்டு லிஸ்ட்' என்று ஒன்று இருந்தது. ரோஸ்டரில், அதாவது அணிப் பட்டியலில், இடம் பண்ண வேண்டுமா? பன்னிரண்டாவது ஆளுக்கு 'டெண்டினைட்டிஸ்' (தசைநாண் அழற்சி) என்று எழுதிப் போடு, குறைந்தது ஐந்து ஆட்டம் வெளியே. லீகுக்கே வெட்கமாகி, காரணம் கேட்காத 'இன்ஆக்டிவ் லிஸ்ட்' கொண்டுவந்தார்கள்.

இப்போது புளுக வேண்டிய அவசியமே இல்லை, நீங்கள் சொன்ன அதே காரணத்தால். மார்ச்சில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று வலிக்கிறது. பிளேஆஃப் விளிம்பில் இருக்கும் அணியில் அதே கணுக்காலுக்குக் காய அறிக்கையில் 'பிராபபிள்', அநேகமாக ஆடுவார். 17 வெற்றியோடு கிடக்கும் அணியில் அது 'அவுட்', ஆடமாட்டார். காலை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அட்டவணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2023 செப்டம்பரில் லீக் ஒரு விதி போட்டது. கடந்த மூன்று சீசனில் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கோ, ஆல்-என்.பி.ஏ. என்ற சீசனின் சிறந்தவர்கள் பட்டியலுக்கோ தேர்வானவர்களைக் காரணமில்லாமல் உட்காரவைக்கக் கூடாது. முதல் தடவை 1 லட்சம் டாலர் அபராதம், இரண்டாவது தடவை 2.5 லட்சம். 2025 மார்ச்சில் யூட்டா மாட்டியது. வாஷிங்டனுடன் நடந்த ஆட்டம் உட்பட லௌரி மார்க்கனனை ஆடவிடவில்லை என்று 1 லட்சம். யூட்டாவும் வாஷிங்டனும் அந்த சீசனின் மிக மோசமான இரண்டு அணிகள். ஜெயிப்பவனுக்கு நஷ்டம் என்ற ஆட்டம் அது.

காலை நாலரை: நான் அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறேன். ஆட்டக்காரர்களே வேண்டுமென்று பந்தைத் தவற விடுகிறார்களா?

இல்லை. அடுத்த ஆண்டு டிராஃப்டில் வருபவன் இவன் வேலையைப் பிடுங்கத்தான் வருகிறான். தன் இடத்துக்கு ஆள் தேட எவன் தோற்பான்?

ஃபிசியோ: அப்படியானால் அணி டாக்டர் பொய்ச் சான்றிதழ் தருகிறார் என்கிறீர்களா? எங்கள் தொழிலை அவமானப்படுத்தாதீர்கள்.

சார், கோபிக்க வேண்டாம். டாக்டர் சொல்வது 'ஆடலாம், கொஞ்சம் ரிஸ்க் இருக்கிறது' என்ற ஒற்றை வரி. அந்த வரி மாடியேறி மேனேஜர் அறைக்குப் போகும்போது, ஜெயிக்க நினைப்பவருக்கு 'ஆடலாம்' மட்டும் காதில் விழும், தோற்க நினைப்பவருக்கு 'ரிஸ்க்' மட்டும் காதில் விழும். டாக்டர் பொய் சொல்லவே தேவையில்லை.

ஃபிசியோ: உதாரணம் சொல்லுங்கள்.

ஃபிலடெல்பியா, 2024–25. பழைய பேரப்படி, அவர்களுடைய பிக் (டிராஃப்டில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) முதல் ஆறுக்குள் விழுந்தால் அவர்களுக்கு; ஏழாவதுக்குப் போனால் ஓக்லஹோமாவுக்கு. பிப்ரவரி கடைசியில் நட்சத்திரம் ஜோயல் எம்பீட் மீதி சீசன் முழுவதும் இல்லை என்றார்கள். மற்ற பெரிய ஆட்டக்காரர்களான பால் ஜார்ஜும் மேக்ஸியும் வெளியே. 24 வெற்றி, 58 தோல்வி. லாட்டரியில் மூன்றாம் இடம் கிடைத்தது, பிக் தப்பியது.

ஃபிசியோ: எம்பீடுக்கு ஏப்ரலில் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதுவும் நாடகமா?

சரி, இந்த இடத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். அந்த சீசனில் மொத்தமே 19 ஆட்டம்தான் ஆடினார், அந்த முழங்கால் உண்மையாகவே கெட்டுத்தான் இருந்தது. அவர் பெயரை என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். உண்மையான காயமும் வசதியான காயமும் ஒரே காலில் இருக்கலாம் என்பதை மட்டும் விடமாட்டேன்.

நேர்மாறான உதாரணமும் தருகிறேன். 2021 மார்ச்சில் ஓக்லஹோமா, அல் ஹார்ஃபோர்டை 28 ஆட்டம் மட்டும் ஆடவைத்துவிட்டு, 'மீதி சீசன் வேண்டாம், இளைஞர்கள் ஆடட்டும்' என்று பகிரங்கமாகச் சொன்னது. காயம் என்ற பேச்சே இல்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும். அதற்குப் பிறகு இண்டியானாவிடம் 152–95 என்று உதை வாங்கினார்கள், அது வேறு கதை.

ஃபில்லி ரத்தம்: ஃபிலடெல்பியாவைத் தொட்டதால் வருகிறேன். ஆண்டுக்கணக்கில் தோற்று பிக் சேர்த்த எங்கள் 'பிராசஸ்' ஜெயித்தது! எம்பீட் எம்.வி.பி., சீசனின் சிறந்த ஆட்டக்காரர், ஆனார். ஒத்துக்கொள்ளுங்கள்.

2013இலிருந்து மூன்று சீசன்: 19 வெற்றி, 18 வெற்றி, 10 வெற்றி. 246 ஆட்டத்தில் 47. அதை நடத்திய மேனேஜர் சாம் ஹிங்கி 13 பக்க ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டுப் போனார். கையில் வந்தது எம்பீட், ஓகாஃபோர், பென் சிம்மன்ஸ். அப்புறம் பாஸ்டனிடம் பேரம் பேசி முதலிடத்துக்கு ஏறி மார்க்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தார்கள். பாஸ்டன் இறங்கிப் போய் ஜேசன் டேட்டமை எடுத்தது. 2001க்குப் பிறகு 2025 வரை இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. இதுதான் ஜெயித்ததென்றால் சரி, ஜெயித்தது.

ஃபில்லி ரத்தம்: ஓக்லஹோமாவும் அதையேதான் செய்தது, 2025இல் கோப்பை வாங்கியது. அவர்களுக்குப் பாராட்டு, எங்களுக்குக் கிண்டலா?

ஓக்லஹோமாவின் நாயகன் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் தோற்று வாங்கிய பிக் இல்லை. 2019இல் பால் ஜார்ஜைக் கொடுத்து வாங்கியவர். ஜேலன் வில்லியம்ஸ் 12ஆவது பிக், அதுவும் அதே பேரத்தில் கிளிப்பர்ஸிடமிருந்து வந்தது. தோற்றதற்குக் கூலியாக வந்த பெரிய ஆள் செட் ஹோம்கிரென் ஒருவர்தான். தோற்பது யாருக்கும் வரும். பேரம் பேசத் தெரிய வேண்டும்.

ஃபில்லி ரத்தம்: அப்போ ஹிங்கிக்கு இன்னும் இரண்டு ஆண்டு கொடுத்திருந்தால்...

போதும் தம்பி. மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

மூணு பாயின்ட்: ஆட்டக்காரர்கள் வேண்டுமென்று தோற்பதில்லை என்றீர்கள். மார்க் மேட்சன்?

மாட்டினேன். 2006, மின்னசோட்டாவின் கடைசி ஆட்டம், எதிரே மெம்ஃபிஸ். முதல் பத்துக்கு வெளியே போனால் பிக் கிளிப்பர்ஸுக்கு. கூடையடியிலேயே காலம் தள்ளிய மேட்சன் மூன்று பாயின்ட் ஷாட்டாக ஏழு எறிந்தார், ஏழும் வெளியே. இரண்டு ஓவர்டைமுக்குப் பின் தோல்வி. ஆனால் எறிந்தவனைக் கேட்காதீர்கள், எறியவிட்டு வேடிக்கை பார்த்த பெஞ்சைக் கேளுங்கள்.

ஒருவர்: இன்று இரவு யார் 'அவுட்' ஆவார்? ஃபேன்டசி அணி போட வேண்டும்.

முதல் பத்தியைப் படியுங்கள். டொரொண்டோவின் ஜோன்டே போர்ட்டர் உடம்பு சரியில்லை என்று பாதியில் வெளியேறி சூதாட்டக்காரர்களுக்கு உதவினார். 2024இல் ஆயுள் தடை. காயச் செய்தியும் பணமும் சேர்ந்தால் நடப்பது அதுதான்.

டல்லாஸ் பித்தன்: லீக் எப்போதாவது கையும் களவுமாகப் பிடித்திருக்கிறதா?

உங்கள் ஊரைத்தானே! 2023 ஏப்ரல் 7, சிகாகோவுடன். பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான பிளே-இன் ஆட்டங்களுக்குப் போக டல்லாஸுக்கு அப்போதும் வழி இருந்தது. ஆனால் முதல் பத்துக்குள் விழாவிட்டால் பிக் நியூயார்க்குக்குப் போகும். கைரி இர்விங் உட்பட ஐந்து பேர் உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு காரணம். நட்சத்திரங்களில் ஸ்லோவேனியாக்காரர் லூகா டோன்சிச் மட்டும் ஆடினார், அன்று அரங்கில் ஸ்லோவேனிய நாள் என்பதால். அவரும் முதல் கால்பகுதி முடிந்து அடுத்தது தொடங்கியதும் பெஞ்சுக்குப் போய்விட்டார். 115–112 தோல்வி. 'இது நிர்வாக முடிவு' என்று கோச் ஜேசன் கிட் சொன்னார். அபராதம் 7.5 லட்சம் டாலர். 'களத்தில் ஆடியவர்கள் ஜெயிக்க ஆடவில்லை என்று நாங்கள் காணவில்லை' என்று லீக் சொன்னதையும் கவனியுங்கள். காலை நாலரை, உங்களுக்குத்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று? பத்தாவது பிக் தங்கியது. அதை வைத்து இரண்டு இடம் இறங்கி டெரெக் லைவ்லியை எடுத்தார்கள். அவரோடு 2024இல் இறுதிச் சுற்று. ஒரு சென்டருக்கு 7.5 லட்சம் கொள்ளை மலிவு.

என் ஒரே வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபிலடெல்பியா, மின்னசோட்டா, டல்லாஸ், மூன்றிலும் 'இந்த எண்ணுக்குள் விழுந்தால் எனக்கு, இல்லாவிட்டால் உனக்கு' என்ற நிபந்தனை பிக். 2012இல் கோல்டன் ஸ்டேட்டும் அதேதான். ஏழுக்கு வெளியே போனால் யூட்டாவுக்கு. மான்டா எல்லிஸைக் கொடுத்து, காயத்தில் இருந்த ஆண்ட்ரூ போகட்டை வாங்கினார்கள். சரியாக ஏழாவது பிக்கில் ஹாரிசன் பார்ன்ஸ். கடைசி மாதத்துக் கணுக்கால் பிசகுகளைத் தேடினால் பாதி இந்த நிபந்தனையடியில்தான் கிடைக்கும். அதை ஒழித்தால் போதும்.

சீர்திருத்தம்: லாட்டரி வாய்ப்பைச் சமமாக்கினார்களே, அது போதாதா?

2019இலிருந்து முதல் பிக் கிடைக்கும் வாய்ப்பு கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் ஆனது. அதற்கு முன் கடைசி அணிக்கு 25. விளைவு? 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் மிக மோசமான அணி ஐந்தாவது இடத்துக்குச் சறுக்கியது. முதல் இரண்டு முறை டெட்ராய்ட், அப்புறம் யூட்டா. 2025இல் வெறும் 1.8 சதவீதத்தோடு டல்லாஸ் ஜெயித்து கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது. லூகாவை விற்ற அதே ஆண்டில்! கடைசி இடத்துக்கு மதிப்பு குறைந்தது உண்மை. ஆனால் பத்தாவது இடத்தில் இருப்பவனுக்கும் ஆசை வந்துவிட்டது.

மஞ்சள் சட்டை: 2025இல் சி.எஸ்.கே. கடைசியாக வந்ததும் டேங்கிங்தானா?

இல்லை. ஐ.பி.எல்.லில் டிராஃப்ட் கிடையாது, ஏலம். கடைசியாக வந்தால் கூடுதலாக ஒரு ரூபாய்கூட வராது. அது சும்மா தோற்றது.

இறகுப்பந்து: வேறு விளையாட்டில் உண்டா?

2012 லண்டன் ஒலிம்பிக், பெண்கள் இரட்டையர். கால் இறுதியில் வசதியான எதிரி வேண்டும் என்று சர்வீஸை வலையில் அடித்த சீன, கொரிய, இந்தோனேசிய ஜோடிகள் நான்கை, எட்டுப் பேரை வெளியேற்றினார்கள். அங்கே களத்தில் நின்றவர்களே தோற்றார்கள், அதனால் தண்டனையும் உடனே வந்தது. ஜுவாலா–அஷ்வினி ஜோடி வெளியேறியபோது வேறொரு ஆட்டத்தைப் பற்றி இந்தியாவும் புகார் கொடுத்தது; எடுபடவில்லை.

வெள்ளிப் பித்தன்: சான் அன்டோனியோ கோச் பாப்பவிச் டங்கனை உட்காரவைத்தாரே, அதுவும் டேங்கிங்தானே?

அது ஜெயிப்பதற்காக எடுத்த ஓய்வு. 2012 நவம்பரில் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, கிரீன் நால்வரையும் மயாமி ஆட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார்; 2.5 லட்சம் அபராதம். அதே ஆண்டில் இன்னோர் ஆட்டத்தில் டங்கன் ஆடாததற்கு அறிக்கையில் எழுதிய காரணம்: 'வயதானவர்'. இன்றுவரை நான் படித்த மிக உண்மையான காயக் குறிப்பு.

தாமதமாக வந்தவன்: மேலே படிக்கவில்லை. ஆட்டக்காரர்கள் வேண்டுமென்று...

படியுங்கள்.

ஃபிசியோ: கடைசியாக ஒன்று. லீக் தன் சொந்த டாக்டரை அனுப்பிச் சோதித்தால்?

அனுப்பலாம், அனுப்பியும் இருக்கிறார்கள். அவரும் எம்.ஆர்.ஐ. எடுப்பார். நீங்கள் சொன்ன மாதிரி அதில் ஏதாவது இருக்கும்.