பல நூற்றாண்டுகளாக மாற்றிக் கட்டப்பட்ட இடைக்கால வணிகர் வீட்டில் எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முகப்பைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. தெருவைப் பார்த்த சுவர்தான் வீட்டில் அதிகம் மாறும் பகுதி. ஊரில் எது நாகரிகமோ அதற்கேற்ப அதை இடித்துக் கட்டுவார்கள். நிலவறையையும் கூரையையும் தொடுவது செலவு, ஆபத்து, பலனும் குறைவு. அதனால் 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் முகப்புக்குப் பின்னால் 14ஆம் நூற்றாண்டுக் கூரை நிற்பது இங்கிலாந்தில் அரிதல்ல. விவரம் தெரிந்தவர்கள் முதலில் நிலவறைக்கு இறங்குவார்கள், பிறகு கூரைக்கு ஏறுவார்கள், அறைகளைக் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

ஓர் உண்மையான வீட்டை வைத்துச் சொன்னால் புரியும். தென் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் பிரெஞ்சுத் தெரு 58ஆம் எண் வீட்டை 1290 வாக்கில் கட்டத் தொடங்கியவர் ஜான் ஃபோர்ட்டின் என்ற வணிகர். பிரான்ஸின் போர்தோ நகரத்துடன் வணிகம் செய்தவர். (போர்தோ 1453 வரை ஆங்கில மன்னரின் ஆட்சியில் இருந்தது; சவுத்தாம்ப்டனில் திராட்சை மது குவிந்ததற்கு அது முக்கியக் காரணம்.) அந்த வீட்டின் அமைப்பையே மதுப் பீப்பாய்தான் தீர்மானித்தது. ஒரு 'டன்' பீப்பாய் 252 பழைய மதுக் கேலன், ஏறக்குறைய 950 லிட்டர். நிறைந்தால் ஒரு டன் எடைக்கு அருகில் வரும். அதை மாடிக்குத் தூக்க முடியாது. வெயிலில் வைத்தால் மது கெடும். ஆகவே கல்வளைவு நிலவறை, அதற்குத் தெருவிலிருந்து தனி வாசல். மேலே தெருப்பக்கம் கடை, நடுவில் கூரைவரை திறந்த கூடம், பின்னால் ஓர் அறை. மாடியில் முன்னும் பின்னும் படுக்கையறைகள். இரண்டையும் கூடத்தின் ஓரமாகப் போகும் மர நடைவழி இணைக்கிறது.

கூடம் ஏன் கூரைவரை திறந்திருந்தது? புகைக்காக. இந்தக் காலத்துப் பெரும்பாலான கூடங்களில் புகைபோக்கி கிடையாது. தரை நடுவில் அடுப்பு எரியும், புகை கூரைக்கு ஏறித் தானாக வெளியேறும். பின்னால் வந்த பெரிய மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செங்கல் புகைபோக்கி பரவியது. புகை அதற்குள் அடங்கியதும் கூடத்தின் உயரம் வீண் இடமானது. குறுக்கே மச்சு போட்டார்கள். மச்சு வந்ததும் ஏறப் படிக்கட்டு, வெளிச்சத்துக்குப் புதிய சன்னல், பிறகு தடுப்புச் சுவர்கள், கடைசியில் பல குடித்தனங்கள்.

கூரையில் முதலில் தேட வேண்டியது கரி. திறந்த அடுப்பு எரிந்த கூடமென்றால் கைமரங்களின் எல்லா முகங்களிலும் கரி சீராகப் படிந்திருக்கும். ஒரு சட்டத்தோடு கரி சட்டென்று நின்றால், அந்த இடத்தில் ஒரு தடுப்பு இருந்தது என்று பொருள். இங்கே பலர் ஏமாறுவது பழைய மரத்தை எடுத்து மறுபடி போட்ட இடங்களில். மூட்டைக் கவனியுங்கள். ஒரு மரம் இன்னொன்றின் மேல் படியும் முகம் சுத்தமாக இருந்தால், கூரை பூட்டப்பட்ட பிறகு புகை பட்டிருக்கிறது. மூட்டின் உட்பக்கத்திலும் கரி இருந்தால், அது வேறொரு கூரையில் கருத்து இங்கே வந்த மரம். எதுவும் நுழையாத வெறும் துளைகளும் அதையே சொல்லும். தச்சர்கள் ரோம எண்களில் கீறிய குறிகள் இருந்தால் வரிசையாக எண்ணுங்கள். 3க்கு அடுத்து 5 வந்தால் ஒரு சட்டம் காணாமல் போயிருக்கலாம்.

மச்சுக் கட்டைகள் இன்னொரு சாட்சி. இடைக்காலத் தச்சர்கள் கட்டையைத் தட்டையாகப் படுக்கவைத்தார்கள். அகலம் அதிகம், உயரம் குறைவு. 17ஆம் நூற்றாண்டிலிருந்து குறுகிய கட்டையை நிமிர்த்திவைக்கும் வழக்கம் பரவியது. ஒரே வீட்டில் முன்னறையில் படுத்த கட்டை, கூடத்தின் மேல் நிமிர்ந்த கட்டை என்றால் கூடத்து மச்சு பிந்தையது என்று சந்தேகிக்கலாம். பழைய உயரமான சன்னலின் மேல்வளைவு மாடியறையில் முழங்கால் உயரத்தில் எட்டிப் பார்த்தால் சந்தேகமே தேவையில்லை.

கண்ணாடி இல்லாத காலத்துச் சன்னலுக்கும் அடையாளம் உண்டு. மேல்கட்டையின் அடிப்பக்கத்தில், மரக் கம்பிகளைச் செருகிய வைர வடிவத் துளைகள் வரிசையாக இருக்கும், சில இடங்களில் பக்கவாட்டில் நகரும் பலகைக் கதவுக்கான பள்ளமும் இருக்கும். அடைத்த சன்னலைக் கண்டதும் 'சன்னல் வரி' என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மைதான். ஆனால் படிக்கட்டோ புகைபோக்கியோ குறுக்கே வந்ததாலும் அடைத்தார்கள்.

அளவெடுப்பதற்கு மிஞ்சிய கருவி இல்லை. ஒவ்வொரு அறையின் உள்நீளத்தையும் சுவர்களின் தடிமனையும் கூட்டி, வீட்டின் வெளிநீளத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றரை மீட்டர் குறைந்தால் மறைந்த புகைபோக்கியோ அடைத்த படிக்கட்டோ உள்ளே இருக்கலாம். தடிமனும் பேசும்: 60 செ.மீ.க்கு மேல் என்றால் பெரும்பாலும் பழைய கல்சுவர், 23 செ.மீ. அளவில் என்றால் ஒரு செங்கலின் நீளமே தடிமனாக உள்ள சுவர்.

ஆண்டு துல்லியமாக வேண்டுமென்றால் மர வளையக் கணக்குதான்: மரம் ஆண்டுக்கொன்றாகச் சேர்க்கும் வளையங்களை, ஆண்டு தெரிந்த வளைய வரிசைகளோடு ஒப்பிடுவது. மெல்லிய துளைக்கருவியால் மாதிரி எடுப்பார்கள். ஓக் மரத்தில் குறைந்தது 50 வளையமாவது வேண்டும். ஒரு கட்டுமானக் கட்டத்துக்கு எட்டு, பத்து மாதிரிகள் எடுப்பது நல்லது. பட்டையை ஒட்டிய வளையம் இருந்தால் வெட்டிய ஆண்டே கிடைக்கும். பச்சை மரத்திலேயே வேலை செய்ததால் கட்டிய ஆண்டு அதற்கு மிக அருகில் இருக்கும். தச்சர் பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியை முழுதும் செதுக்கி வைரத்தை (உள்ளே இருக்கும் கெட்டி மரத்தை) மட்டும் விட்டிருந்தால், 'இந்த ஆண்டுக்குப் பிறகு' என்பதற்கு மேல் சொல்ல முடியாது. மறுபடி போட்ட மரத்தில் மாதிரி எடுத்தால் விடை நூறாண்டுகூடப் பிசகலாம். அதனால்தான் மூட்டுகளைப் பார்த்த பிறகு துளையிட வேண்டும்.

இப்படிப்பட்ட வீடுகளை இன்று அதிகம் கெடுப்பது சிமென்ட். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் கல்லுக்குள்ளும் மரத்தின் நுனிகளிலும் தேங்குகிறது. கல் உதிர்கிறது, சுவருக்குள் புதைந்த விட்டத்தின் முனை வெளியே தெரியாமல் இற்றுப்போகிறது. பழுதுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கரடுமுரடான மணல் என்பதே பொதுவான தொடக்கக் கலவை.

சவுத்தாம்ப்டன் வீடு பின்னாளில் தங்கும் விடுதியாகவும் மதுக்கடையாகவும் இருந்தது. 1940 குண்டுவீச்சில் சேதமானபோதுதான் உள்ளே இருந்த இடைக்காலக் கட்டுமானம் நன்றாக வெளிப்பட்டது. 1980களில் பிற்காலச் சேர்க்கைகளை நீக்கி, 14ஆம் நூற்றாண்டு நடுப்பகுதித் தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸும் கட்டடக் கலைஞர் பிலிப் வெப்பும் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் எதிர்த்தது இப்படி ஒரு காலத்துக்குத் திருப்பும் வேலையைத்தான். குண்டு பாதி வேலையை முடித்துவிட்ட அந்த வீட்டில் இதை ஏற்கிறேன். முழுதாக நிற்கும் வீட்டில் ஏற்க மாட்டேன். 17ஆம் நூற்றாண்டுப் புகைபோக்கியை இடித்தால், கூடம் எப்போது, ஏன் மூடப்பட்டது என்பதற்கான சான்றும் அதோடு போய்விடும். வேறு வழியின்றி அகற்றத்தான் வேண்டுமென்றால், முதல் கல்லை எடுக்கும் முன் 1:20 அளவில் வரைபடமும், ஒவ்வொரு மூட்டுக்கும் படமும், சாந்தின் மாதிரியும் எடுத்து வைத்துவிடுங்கள்.