லண்டனுக்குப் படிக்கப் போகும் மலையகப் பிள்ளைகளுக்கு: கேள்வி பதில்

செப்டம்பரில் லண்டனில் படிப்புத் தொடங்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் கேட்டவை இவை. ரூம் பற்றித்தான் அதிகக் கேள்வி, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அக்கா, ஈஸ்ட்ஹாமில் ஒரு ரூம் பேசியிருக்கிறோம். போட்டோ மட்டும்தான் வந்தது. டிப்போசிட்டோடு இரண்டு மாத வாடகையையும் இப்பவே அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? (ஹட்டன்)

வேண்டாம் தங்கச்சி. ரூமைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு சதமும் போகக்கூடாது. ஒரே போட்டோவைக் காட்டிப் பத்துப் பேரிடம் காசு வாங்கிவிட்டு மறைகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்கள்தான் அவர்களுக்கு லேசாக அகப்படுவார்கள். முதல் இரண்டு வாரத்துக்கு யூனிவர்சிட்டி ஹொஸ்டலிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்கி, நேரில் போய்ப் பாருங்கள்.

இங்கிலாந்துச் சட்டப்படி, ரூமைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது. வழக்கமான வாடகை வீட்டுக்கு டிப்போசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது. வீட்டுக்காரர் அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த காப்புத்திட்டத்தில் போட்டு, விபரத்தை உங்களுக்கு எழுத்தில் தரவேண்டும். 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீடுகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை வாங்கவும் முடியாது. ஆகவே இரண்டு மாதம் கேட்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து, குசினியையும் பாத்ரூமையும் உங்களோடு பகிர்ந்தால் நீங்கள் லொட்ஜர். தமிழ்க் குடும்பங்களோடு தங்கும் நம் பிள்ளைகள் பலர் இந்த வகைதான். டிப்போசிட் காப்புத்திட்டம் லொட்ஜருக்குப் பொருந்தாது. அதனால் "நம்ம ஆட்கள்தானே" என்று கையில் காசு கொடுக்காதீர்கள். பேங்க் மூலம் அனுப்புங்கள். எவ்வளவு, எதற்கு, எப்போது திருப்பித் தருவார்கள் என்பதை ஒரு மெசேஜிலாவது எழுதி வாங்குங்கள்.

பார்க்கப் போகும்போது ஜன்னல் மூலையையும் அலுமாரிக்குப் பின்சுவரையும் பாருங்கள். மழைக்காலத்தில் லயத்துச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படருமே, அதேதான் அங்கேயும். புதுப் பெயின்ட் ஓர் இடத்தில் மட்டும் அடித்திருந்தால் விரலால் தொட்டு ஈரம் இருக்கிறதா பாருங்கள். கரண்ட், கேஸ் பில் வாடகைக்குள் சேருமா என்று கேளுங்கள். குடிபோகும் நாளில் ரூம் முழுவதையும் மீட்டரையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள்.

நுவரெலியாக் குளிரிலேயே வளர்ந்தவன் நான். ஒரு ஜேர்சி போதாதா அக்கா? (தலவாக்கலை)

தம்பி, நம் ஊரில் காலையிலும் இரவிலும் நடுங்கினாலும் பகலில் வெயில் வந்துவிடும். லண்டனில் டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மழையும் காற்றும் தாங்கும் மேல் ஜாக்கெட் ஒன்று, உள்ளே போடும் தேர்மல் இரண்டு சோடி வேண்டும். அங்கே போய் வாங்குங்கள்.

ஹீட்டர் பைப்பில் 1 முதல் 5 வரை இலக்கம் போட்ட திருகு இருக்கும். 3 ஏறக்குறைய 20 பாகை. 5இல் வைத்தால் ரூம் வேகமாகச் சூடாகாது, தேவைக்கு மேல் சூடாகி பில்தான் ஏறும். ஜன்னலைப் பூட்டிக்கொண்டு ஹீட்டர் மேல் ஈர உடுப்பைக் காயப்போட்டால் அந்த ஈரம் சுவரில் பிடித்துப் பூஞ்சணமாகும். தினமும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்து செலவைச் சமாளிக்கலாமா? (பண்டாரவளை)

கூடாது. அந்த ஆப் வேலை சுயதொழிலாகக் கணக்கிடப்படுகிறது. மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு இடமில்லை. இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடினால் விசாவே போய்விடும்.

பட்டப்படிப்பு என்றால் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16 என்று சரிக்கட்ட முடியாது. மாஸ்டர்ஸ் பிள்ளைகள் சறுக்குவது கோடையில்தான். வகுப்பு இல்லாவிட்டாலும் ஆய்வுக் கட்டுரை எழுதும் அந்த மாதங்களும் பொதுவாகத் தவணைக் காலமே. முழுநேரம் செய்யலாம் என்று நினைக்காமல் யூனிவர்சிட்டியில் தவணைத் தேதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி 21 வயதும் அதற்கு மேலும் மணிக்கு 12.71 பவுண், 18 முதல் 20 வரை 10.85 பவுண். அதற்குக் கீழே கையில் காசு தருகிற கடைக்குப் போக வேண்டாம்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவாள்? (பதுளை, ஓர் அம்மா)

விசாவோடு மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பீர்கள் அம்மா, அதனால் டொக்டரைப் பார்க்கத் தனியாகக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் வீட்டுக்குப் பக்கத்து ஜீபி (குடும்ப டொக்டர்) கிளினிக்கில் முதல் வாரமே பதியச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்த பிறகு பதிய அலைவது கஷ்டம். உயிராபத்தில்லாத உடல்நலப் பிரச்சினைக்கு 111க்கும், உயிராபத்துக்கு 999க்கும் கோல் எடுக்கச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போட்டில் வேறு மாதிரி பெயர். பரவாயில்லையா? (மஸ்கெலியா)

இங்கேயே திருத்திவிட்டுப் போங்கள். அங்கே விசா, பேங்க், வேலை எல்லாம் பாஸ்போட் பெயரில்தான் ஓடும். திருத்த நேரமில்லாவிட்டால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக்கடதாசி முடித்து, சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். விசா இப்போது கார்டாக வராது, ஒன்லைனில்தான். பிளேன் ஏறுவதற்கு முன் ஒன்லைன் விசாக் கணக்கைத் திறந்து பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். உங்கள் விசாவைச் சரிபார்க்க வீட்டுக்காரரும் முதலாளியும் கேட்கும் ஷெயார் கோட் அதிலிருந்துதான் வரும், 90 நாள் செல்லும்.

கருவாடு, கறிவேப்பிலை கொண்டு போகலாமா?

தேயிலை தாராளமாகக் கொண்டு போகலாம். இறைச்சி, பால் சேர்ந்த எதுவும் வேண்டாம், பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளித் தமிழ்க் கடைகளில் கருவாடு, கறிவேப்பிலை எல்லாம் இருக்கிறது. கருவாடு பொரிக்கும்போதும் மிளகாய் வறுக்கும்போதும் குசினிக் கதவைச் சாத்தி, புகை இழுக்கும் ஃபேனைப் போடுங்கள். புகை நடைபாதைக்குப் போனால் ஹொஸ்டல் முழுக்க அலாரம் அடித்து எல்லோரும் வெளியே குளிரில் நிற்க வேண்டிவரும். அலாரத்தைப் பொலித்தீனால் மூடிவிட்டுச் சமைக்க ஒருநாளும் நினைக்காதீர்கள்.