காலை மாத்திரையும் 100 கிலோமீட்டரும்

கேள்வி: எனக்கு வயது 48. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 6 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலை, இரவு, பிரஷருக்கு டெல்மிசார்டன்-ஹெச். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4. புற்றுநோய் வந்த குழந்தைகளின் சிகிச்சைக்காக நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஜனவரி கடைசி ஞாயிறு, புதுச்சேரி கடற்கரைச் சாலையிலிருந்து மாமல்லபுரம் வரை. இன்னும் 9 வாரம் இருக்கிறது. தெரிந்தவர்கள் 40 பேர் என்னை நம்பிப் பணம் கட்டிவிட்டார்கள். தினமும் சில்வர் பீச் வரை ஓட்டுகிறேன். ஞாயிறுகளில் புதுச்சேரி போய்த் திரும்புவேன். போன ஞாயிறு காபி மட்டும் குடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். திரும்பும்போது கிருமாம்பாக்கத்தில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டியது. டீ குடித்ததும் சரியாகிவிட்டது. இரண்டு கையிலும் சுண்டுவிரல் வேறு மரத்துப்போகிறது. ‘இந்த வயசில் இதெல்லாம் தேவையா?’ என்கிறார் மனைவி. போகலாமா? – ஒரு வாசகர், கடலூர்

பதில்: போகலாம். ஆனால் போன ஞாயிறு போன மாதிரி போகக் கூடாது.

கிருமாம்பாக்கத்தில் உங்களுக்கு வந்தது பெரும்பாலும் தாழ்சர்க்கரைதான். சர்க்கரை பார்க்கும் மீட்டரில் பார்க்கவில்லை என்றாலும், நடுக்கம், வேர்வை, கண் இருட்டல், டீ உள்ளே போனதும் தெளிவு என்று நான்கும் வரிசையாக வந்திருக்கின்றன. வந்த இடத்தையும் பாருங்கள். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும் வழியில், ஏறக்குறைய 35வது கிலோமீட்டரில் வந்திருக்கிறது. அதுவரை கல்லீரலும் தசையும் தங்கள் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. மிதிக்கிற தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வயிற்றில் காபி மட்டும்தான் இருந்தது.

இதில் உங்கள் மாத்திரைக்கும் பங்கு உண்டு. ஒரே மாத்திரையாக இருந்தாலும் உள்ளே இருப்பது இரண்டு மருந்து. மெட்ஃபார்மின் சாது, தனியாகப் போட்டால் சர்க்கரையைத் தாழ்த்திவிடுவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா, சைக்கிள் மிதிக்கிறீர்களா என்றெல்லாம் அது கேட்காது. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். விரதம் இருந்து பாதயாத்திரை போகிறவர்களிடம் வருடா வருடம் இதே தப்பைப் பார்க்கிறேன்: சாப்பாட்டை விட்டுவிடுவார்கள், மாத்திரையை விடமாட்டார்கள்.

எனவே முதல் வேலை, உங்கள் மருத்துவரிடம் போய் இந்த இரண்டு மருந்தையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள். நீண்ட தூரம் ஓட்டும் நாட்களில் கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைப்பதோ, அந்த வேளைக்கு நிறுத்திவிடுவதோ வழக்கம். எது உங்களுக்குச் சரி என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகக் கத்தரிக்காதீர்கள். இன்னொன்றையும் அவரிடம் கேட்டுவிடுங்கள். நீண்ட நேரம் உழைத்த தசை, காலியான கிடங்கை நிரப்பிக்கொள்ள 24 மணி நேரம் வரைகூடச் சர்க்கரையை இழுக்கும். மாமல்லபுரத்தில் மாலை போட்டு, போட்டோ எடுத்து, வீட்டுக்கு வந்து வழக்கம்போல இரவு மாத்திரையையும் போட்டுக்கொண்டு அசந்து தூங்கும்போது அதிகாலை 3 மணிக்குச் சர்க்கரை இறங்கினால், எழுப்பிச் சொல்ல ஆள் இருக்காது. அன்று இரவு மாத்திரையின் அளவும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

புது ஏற்பாட்டை ஜனவரியில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியிலேயே செய்து பாருங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூன்று, நான்கு இட்லி. கிளம்பும்போது மீட்டரில் 90க்குக் கீழே இருந்தால் இரண்டு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 250க்கு மேலே இருந்து உடம்பும் சோர்வாக இருந்தால் அன்றைக்கு லீவு. ஓட்ட ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் முதல் பழம். அதற்கப்புறம் பசிக்கிறதோ இல்லையோ, அரை மணிக்கு ஒருமுறை பழமோ பேரீச்சையோ கடலை மிட்டாயோ. சர்க்கரைக்காரர் கடலை மிட்டாயா என்று யாராவது கேட்டால், 35வது கிலோமீட்டர் கதையைச் சொல்லுங்கள்.

ஆனால் நடுக்கம் வந்த பிறகு கடலை மிட்டாய் உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். அதற்குத் தனியாகக் குளுக்கோஸ் பவுடர் பாக்கெட் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், சைக்கிள் பையின் அடியில் வேண்டாம். நின்றுவிடுங்கள். 15 கிராம், அதாவது குவித்து மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள். 70ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு முறை. 100ஐத் தாண்டி, கூடவே கொஞ்சம் சாப்பிட்ட பிறகுதான் மறுபடி சைக்கிள்.

பிரஷர் மாத்திரைக்கு வருகிறேன். அந்த ‘ஹெச்’ சிறுநீரை அதிகமாக்கும் மருந்து. உப்பையும் சேர்த்து வெளியேற்றும். பயணத்தன்று காலை அதைப் போடுவதா, மாலைக்குத் தள்ளுவதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றல், குழப்பம் வரலாம். தாகத்துக்குக் குடித்தால் போதும். இரண்டு பாட்டிலில் ஒன்றில் ஓஆர்எஸ் இருக்கட்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். அதில் இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், பயப்பட வேண்டாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வேர்வையில் போகும் சோடியம் குறைவு, ஓஆர்எஸ்ஸுக்கு அது ஈடாகாது.

முட்டி வலிக்கிறது என்றால் ஓய்வெடுக்கும் இடத்தில் யாராவது ஒருவர் பையிலிருந்து பெயின் கில்லர் எடுத்து நீட்டுவார். வாங்காதீர்கள். டெல்மிசார்டன், ஹெச், கூடவே டைக்ளோஃபினாக் மாதிரி ஒரு பெயின் கில்லர் என்று மூன்றும் வேர்த்து வற்றிய உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும். தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும்.

இதயம். 48 வயது, சர்க்கரை, பிரஷர் மூன்றும் இருப்பதால் இசிஜியும், மருத்துவர் சொன்னால் டிரெட்மில் டெஸ்டும் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறும்போது நெஞ்சு இறுகுகிறதா, தாடையிலோ தோளிலோ வலி வருகிறதா, வழக்கத்தைவிட மூச்சு வாங்குகிறதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் டெஸ்ட் முடியும்வரை சைக்கிளைத் தொடாதீர்கள். விழித்திரைப் பரிசோதனை ஒரு வருடமாகச் செய்யவில்லை என்றால் அதுவும் பாக்கி.

சுண்டுவிரல் மரத்துப்போவது கைப்பிடியின் வேலை. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பை உங்கள் உடம்பின் எடை நசுக்குகிறது. சர்க்கரை உள்ளவர்களின் நரம்பு கொஞ்சம் சீக்கிரமே முறையிடும். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சரிந்து கை தாங்க வேண்டிவரும். சீட்டை மட்டமாக வையுங்கள். மெத்தை வைத்த கையுறை போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். சைக்கிளை விட்டு இறங்கி இரண்டு, மூன்று நாளாகியும் மரப்பு போகவில்லை, சட்டை பட்டன் போடத் தடுமாறுகிறது என்றால் வந்து காட்டுங்கள். சீட்டின் உயரத்தையும் பார்த்துவிடுங்கள்: குதிகாலை பெடலில் வைத்து முழுக்கக் கீழே இறக்கினால் கால் நேராக வேண்டும். ஆண்கள் கடிதத்தில் எழுத வெட்கப்படுகிற இன்னொரு மரப்பும் உண்டு. அதற்கும் மருந்து சீட்டைச் சரிசெய்வதும், அவ்வப்போது எழுந்து நின்று மிதிப்பதும்தான்.

பயிற்சி? இப்போது 45 கிலோமீட்டர் போகிறீர்கள். வாரத்துக்கு 5 கிலோமீட்டர் கூட்டினால் 80ஐ எட்டிவிடுவீர்கள். கடைசி வாரம் குறைத்துவிடுங்கள். 80 ஓட்டியவருக்கு 100 எட்டாத தூரமில்லை. நம் ஊர் டிசம்பரில் புயல் சின்னம் வந்து ஒரு ஞாயிறைத் தின்றுவிட்டால், அடுத்த ஞாயிறு இரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஓட்டாதீர்கள். ஜனவரியில் வடக்கே போகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வாடைக்காற்று முகத்தில்தான் அடிக்கும், மரக்காணம் உப்பளம் பக்கம் ஒதுங்க ஒரு மரமும் கிடைக்காது. வேகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் மிதியுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி, அந்த 40 பேர் பற்றியது. சும்மா ஓட்டுகிறவர் நெஞ்சு வலித்தால் நின்றுவிடுவார். பிறரிடம் பணம் வாங்கி ஓட்டுகிறவர் நிற்கமாட்டார். குழந்தைகளுக்குப் போக வேண்டிய பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, நீங்கள் பாதியில் இறங்கியதற்காக யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. ஏற்பாட்டாளர்களிடம் சர்க்கரை இருப்பதை இப்போதே சொல்லுங்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வருகிறதா என்று கேளுங்கள். என்ன நோய், என்ன மாத்திரை என்று எழுதிய அட்டை ஒன்று கழுத்தில் தொங்கட்டும்.

உங்கள் மனைவி கேட்ட கேள்வி நியாயமானது. அவருக்கு மீட்டரில் பார்க்கச் சொல்லிக்கொடுத்து, அன்றைக்கு ஒரு காரில் மரக்காணத்துக்கு வரச் சொல்லுங்கள். 35 கிலோமீட்டர் தாண்டிய இடம், போன முறை நீங்கள் தடுமாறிய அதே தூரம். விரலில் குத்திப் பார்த்து 70க்குக் கீழே என்று அவர் சொன்னால், குளுக்கோஸைக் குடித்துவிட்டு சைக்கிளைக் காரின் மேலே கட்டிவிடுங்கள். மாமல்லபுரத்துக்கு இருவரும் சேர்ந்தே போகலாம்.